அந்த இன்னொரு பழம்

எங்கள் தெருவில் முதலில் கேபிள் இணைப்பு வந்தது ஆச்சி வீட்டில்தான். 1990-களின் நடுப்பகுதி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பாதித் தெரு அந்த வீட்டுப் பட்டாசாலையில் கூடிவிடும். பெரியவர்கள் சுவரில் சாய்ந்திருப்பார்கள். பெண்கள் நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பெட்டிக்கு முன்னால் வெறுந்தரை. அப்படி ஒரு மதியத்தில்தான் 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழக் காட்சியை முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு ஐந்து வயது. இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லிச் செந்திலிடம் காசு கொடுத்து அனுப்புகிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்கும்போதெல்லாம், இருக்கிற ஒன்றையே காட்டி அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். பட்டாசாலை குலுங்கியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "எலே, ஒனக்கு என்ன வெளங்கிச்சின்னு இந்தச் சிரிப்பு சிரிக்க?" என்றாள்.

"நீங்கல்லாம் சிரிச்சியள்லா ஆச்சி, அதான்."

அந்தக் காட்சி எனக்குப் பிடிபட இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. எட்டு வயதில் ஒருநாள், பத்தாவது முறையோ இருபதாவது முறையோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'இன்னொன்று' என்ற ஒரே சொல்லை இருவரும் ஆளுக்கொரு பொருளில் பிடித்துக்கொண்டு நிற்பது சட்டென்று தெரிந்தது. அன்று சிரித்தது வேறு சிரிப்பு. ஒருவருடைய நகைச்சுவை உணர்வு எப்படி உருவாகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சிரிப்புகளும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. முதலாவதை அந்த அறை தந்தது. இரண்டாவதை வளர்ந்த மூளை தந்தது. இரண்டுக்கும் நடுவே, அதே காட்சியைச் சலிக்காமல் மறுபடி மறுபடி கொண்டுவந்து காட்டியது தொலைக்காட்சி.

சிரிப்பு பிறவியிலேயே வருவது. பிறந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் குழந்தை முகம் பார்த்துப் புன்னகைக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் வாய்விட்டுச் சிரிக்கிறது. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாமல் பிறந்த குழந்தைகளும் சிரிக்கின்றன என்பதால், சிரிக்கும் செயலை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிகிறது. எதற்குச் சிரிப்பது என்பதுதான் கற்க வேண்டிய பாடம். அந்தப் பாடமும் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக உளவியலாளர் வாசுதேவி ரெட்டி, ஒரு வயதுகூட நிறையாத குழந்தைகள் செய்யும் குறும்புகளைப் பொறுமையாகத் தொகுத்திருக்கிறார். கையில் இருக்கும் பொருளை அப்பாவிடம் நீட்டுவது, அவர் வாங்கப் போகும்போது வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு சிரிப்பது. ஒருமுறை எல்லோரையும் சிரிக்கவைத்த முகச்சுளிப்பை, எல்லோரும் மறுபடி சிரிக்க வேண்டும் என்பதற்காகவே திரும்பச் செய்வது. பேச்சு வருமுன்பே, எதிராளியின் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் பால் மெக்கீ, பிள்ளைகளின் நகைச்சுவை அவர்களுடைய அறிவு வளர்ச்சியின் படிகளோடு சேர்ந்தே ஏறுகிறது என்று 1979-இல் எழுதிய நூலில் காட்டினார். ஒன்றரை வயதுப் பிள்ளை செருப்பைக் காதில் வைத்து போன் பேசிச் சிரிக்கும். பேச்சு வந்ததும் மாட்டை நாய் என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிச் சிரிக்கும். மூன்று வயதில் யானைக்கு இறக்கை முளைத்த படம் சிரிப்பு மூட்டும். யானை எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஊன்றியிருப்பதால்தான் அதை மீறுவது வேடிக்கையாகிறது. ஏழு வயதை ஒட்டித்தான் ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்க முடியும் என்பதைப் பிள்ளை மனதில் ஒருசேர வைத்துப் பார்க்கப் பழகுகிறது. வாழைப்பழக் காட்சி அந்தப் படியைச் சேர்ந்தது. ஐந்து வயதில் அது எனக்கு எட்டாமல் போனதிலும், எட்டு வயதில் தானாகத் திறந்துகொண்டதிலும் வியப்பில்லை. குத்தல் பேச்சு இன்னும் தாமதம். சொல்பவர் நினைப்பது வேறு என்பதை ஆறு வயதுப் பிள்ளை ஓரளவு பிடித்துவிடும். அதில் வேடிக்கை இருப்பதைச் சுவைக்க இன்னும் சில ஆண்டுகள் வேண்டும்.

அந்தக் காட்சி ஏன் சிரிப்பூட்டுகிறது என்பதற்கு ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த விளக்கம் நன்றாகப் பொருந்தும். நகைச்சுவையை மனம் இரண்டு கட்டமாக வாங்கிக்கொள்கிறது என்றார் அவர். எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று வந்து விழுகிறது, மனம் தடுமாறுகிறது. பிறகு, அந்த மாறான பதிலையும் சரி என்று காட்டக்கூடிய ஒரு கோணத்தை மனம் கண்டுபிடிக்கிறது, முடிச்சு அவிழ்கிறது, சிரிப்பு வருகிறது. செந்திலின் பதில் அப்பட்டமான தவறு. ஆனால் ஒரு கோணத்தில் அது இலக்கணச் சுத்தமான பதில். வாங்கியது இரண்டு, அதில் தின்றது ஒன்று, மிஞ்சிய இன்னொன்று இது. அந்தக் கோணம் தெரியாதவனுக்கு அது வெறும் பிடிவாதம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடத்தையும் சொல்கிறது. மடம் என்பதற்குப் பழைய உரைகாரர்கள் தரும் விளக்கம், பிறர் கொளுத்தியதைப் பிடித்துக்கொண்டு பிறகு விடாமல் நிற்பது. கையில் ஒற்றைப் பழத்தோடு நிற்கும் செந்திலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அந்தக் காட்சியில் கேட்பவரின் எள்ளலும் சொல்பவரின் மடமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போகின்றன. தமிழ்த் திரையின் இரட்டையர் நகைச்சுவை பெரும்பாலும் இந்த இரண்டின் மேல்தான் நின்றது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களின் நகைச்சுவையும் அந்த இரண்டின் பக்கமே சாய்ந்திருப்பதை நண்பர்கள் கூடும் எந்த இடத்திலும் காணலாம். ஒருவன் கேட்பான், ஒருவன் விட்டுக்கொடுக்காமல் ஏறுக்குமாறாகப் பதில் சொல்வான். யார் கவுண்டமணி, யார் செந்தில் என்று அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மூளைக்குள்ளும் இந்த இரண்டு கட்டங்களின் தடம் தெரிகிறது. 2004-இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர், 'சைன்ஃபெல்ட்', 'சிம்ப்சன்ஸ்' ஆகிய தொலைக்காட்சித் தொடர்களை ஓடவிட்டு, பார்ப்பவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் கவனித்தார்கள். வேடிக்கையைப் புரிந்துகொள்ளும் நொடியில் மொழியையும் பொருளையும் கையாளும் பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. அதற்கு அடுத்தாற்போல் அதை ரசிக்கும் நேரத்தில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள். 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் வேடிக்கை வீடியோக்களைக் காட்டிச் செய்த ஆய்வில், முரணைக் கண்டுபிடிக்கும் பகுதியும் பரிசு கிடைத்ததுபோல் மகிழ்ச்சி தரும் பகுதியும் அந்த வயதிலேயே வேலை செய்வது தெரிந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் மூளை தனக்குத்தானே ஒரு சின்னப் பரிசு கொடுத்துக்கொள்கிறது. பரிசு கிடைத்த வழியை அது மறப்பதில்லை.

இங்கேதான் தொலைக்காட்சியின் தனித்தன்மை வருகிறது. சினிமாவும் நாடகமும் கூத்தும் தொலைக்காட்சிக்கு முன்பே சிரிக்கவைத்தன. ஆனால் கூத்தை ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும். ஒரு படத்தைக் கொட்டகையில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. தொலைக்காட்சி அதையே நூறு முறை காட்டியது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நெடுங்காலம் அது ஒன்றே நிலையம் என்பதால் சிரிப்புக்கும் அளவு இருந்தது. 1993-இல் சன் டிவி வந்த பின்னர் அந்த அளவு உடைந்தது. நாள் முழுதும் நிரப்ப வேண்டிய நேரம் ஏராளம். கையில் இருந்த கையிருப்போ தமிழ்ப் படங்கள். படத்திலிருந்து நகைச்சுவைக் காட்சியை மட்டும் தனியே வெட்டி எடுத்து ஒளிபரப்பும் வழக்கம் அப்படித்தான் பரவியது. நம் படங்களில் நகைச்சுவைப் பகுதி கதையோடு ஒட்டாமல் தனித் தடமாக ஓடியது அதற்கு வாகாகவும் அமைந்தது. 2009-இல் நகைச்சுவைக்கென்றே ஆதித்யா, சிரிப்பொலி என்று தனி அலைவரிசைகள் வந்துவிட்டன. 'கரகாட்டக்காரன்' வெளியானது 1989-இல். அதற்குப் பத்தாண்டு கழித்துப் பிறந்த பிள்ளை, படத்தின் கதை ஒரு வரிகூடத் தெரியாமல், வாழைப்பழக் காட்சியை மட்டும் மனப்பாடமாகச் சொல்கிறது.

ஒரே வேடிக்கை நூறு முறை பார்த்தால் புளித்துப்போகாதா? பெரியவர்களுக்குப் புளிக்கலாம். பிள்ளைகளின் கணக்கு வேறு. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய 'புளூஸ் க்ளூஸ்' என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள், ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் அப்படியே ஒளிபரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கவனித்த ஆய்வாளர்கள், நாள் செல்லச் செல்லப் பிள்ளைகள் கூடுதலாகக் குரல் கொடுத்ததையும், அடுத்து வரப்போவதை முந்திக்கொண்டு சொன்னதையும், நன்றாகப் புரிந்துகொண்டதையும் கண்டார்கள். தெரிந்த ஒன்று தான் நினைத்தபடியே வந்து சேர்வதில் பிள்ளைக்கு ஒரு வெற்றி இருக்கிறது. பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் சயான்ஸ் 1968-இல் சோதனைகள் மூலம் காட்டியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அர்த்தம் தெரியாத எழுத்துகளைக்கூட, அடிக்கடி கண்ணில் பட்டவையாக இருந்தால், மனிதர்கள் நல்லவையாக மதிப்பிட்டார்கள்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. காட்சி மொழியாக மாறிவிடுகிறது. 'வின்னர்' 2003-இல் வந்தது, 'தலைநகரம்' 2006-இல் வந்தது. வீறாப்புப் பேசி அடிவாங்குபவனைக் கைப்புள்ள என்றோ நாய் சேகர் என்றோ சொன்னால் முழுக் கதையும் விளங்கிவிடுகிறது. பழமொழி செய்யும் வேலையை வடிவேலுவின் பாத்திரங்கள் செய்கின்றன. 2019 மே மாத இறுதியில், வெளிநாட்டு முகநூல் பக்கம் ஒன்று ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. பெயரைச் சொன்ன தமிழ் இளைஞர் ஒருவர், இது தலையில் விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணி அடிபட்டார் என்றும் சேர்த்து எழுதினார். அந்த நேசமணி வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படம் வெளியானது 2001-இல். பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காகத் தமிழ்நாட்டு இளைஞர்கள் கூட்டாகப் பிரார்த்தனை செய்ய, அது உலக அளவில் ட்விட்டரில் முன்னணிக்குப் போனது. வெளியார் எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அன்று அதில் கலந்துகொண்டவர்களில் மிகப் பலர் அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்திருக்க வயதில்லாதவர்கள். பள்ளிவிட்டு வந்து, பையைக் கழற்றாமல், டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள். ஒரு தலைமுறைக்கே பொதுவான நினைவு என்று ஒன்று இருப்பதை அன்று கண்ணால் பார்க்க முடிந்தது.

இதெல்லாம் பழக்கத்தின் வேலை என்று எப்படிச் சொல்வது, நகைச்சுவை உணர்வு பெற்றோர் வழியாக உடம்போடு வருவதாகவும் இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் லின் செர்காஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தேடியது. 127 இரட்டைச் சகோதரி இணைகளிடம் கேரி லார்சன் வரைந்த ஐந்து கேலிச்சித்திரங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சிரிப்பூட்டுகிறது என்று பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரின் மரபணு ஒன்றே. இரு கருவிலிருந்து வந்தவர்கள் மற்றச் சகோதரிகளைப் போலப் பாதியளவே பகிர்பவர்கள். மரபணுதான் காரணம் என்றால் முதல் வகையினரின் மதிப்பெண்கள் அதிகம் ஒத்துப்போக வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரு வகையினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் ஒத்துப்போனார்கள். எது வேடிக்கை என்ற சுவை, பிறந்த உடம்பைவிட வளர்ந்த வீட்டின் கைவேலை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் நகைச்சுவையை எந்த விதமாகப் பயன்படுத்துகிறார் என்பதை அளந்த பிந்தைய இரட்டையர் ஆய்வுகளில் மரபணுவுக்கும் பங்கு தெரிந்தது. ஆகவே வீடு மட்டுமே எல்லாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டின் பங்கு பெரிது.

வளர்ந்த வீடு என்றால் என்ன? அதில் டிவியும் உண்டு, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. இவ்விரண்டில் எனக்கு இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. இரண்டு இரண்டரை வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஒரு செயலை நேரில் பார்த்துக் கற்கும் அளவுக்குத் திரையில் பார்த்துக் கற்பதில்லை என்பது பல சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அந்த வயதில் பிள்ளைக்குத் திரையைவிட அம்மாவின் முகம்தான் பாடம். 1980-களில் ஜோசஃப் கேம்போஸ் குழுவினர் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேடையில் தவழவிட்டார்கள். நடுவில் பள்ளம் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்கும் தாய் சிரித்த முகம் காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் அதைக் கடந்துபோயின. தாய் அச்சத்தை முகத்தில் காட்டியபோது ஒரு குழந்தைகூடக் கடக்கவில்லை. ஐயமான இடத்தில் பெரியவர்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தைத்தான், ஐந்து வயதில் பட்டாசாலையில் நான் செய்தேன். அந்தக் காட்சி வேடிக்கையா இல்லையா என்று திரையிடம் கேட்காமல் ஆச்சியின் முகத்திடம் கேட்டேன்.

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க நரம்பியலாளர் கடைவீதிகளிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் மனிதர்கள் சிரித்த 1,200 தருணங்களைத் தொகுத்தார். சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்டவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை இருபது சதவீதத்துக்குள்தான் இருந்தன. தனியே இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கணக்கிட்டார். தொலைக்காட்சிக்காரர்கள் இதை ஆய்வுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பல வகைச் சிரிப்பொலிகளைப் பதிந்துவைத்த பெட்டி ஒன்றைச் செய்தார். விசையை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வரும். தனி வீட்டில் தனியே உட்கார்ந்திருப்பவருக்கு அது கூட்டத்தை உண்டாக்கிக் கொடுத்தது. அந்தச் சிரிப்பு பலிக்கவும் செய்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சோஃபி ஸ்காட்டும் குழுவினரும் 2019-இல் நாற்பது மொக்கை ஜோக்குகளை எடுத்து, அவற்றுக்குப் பின்னால் சிரிப்பொலி சேர்த்தார்கள். சிரிப்பு சேர்ந்ததுமே ஜோக்குக்கு மதிப்பெண் கூடியது. வலிந்து சிரித்த சிரிப்பைவிட, தானாகப் பொங்கிய சிரிப்பு சேர்ந்தபோது இன்னும் கூடியது. காதில் விழுந்த சிரிப்பு உண்மையா பொய்யா என்றுகூட மனம் எடைபோடுகிறது.

அப்படியானால் அடிதடி நகைச்சுவை? 'டாம் அண்ட் ஜெரி' 1940-இல் பிறந்தது. பேச்சு ஏறக்குறைய இல்லாததால் மொழி தாண்டி எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் சிரிக்கவைத்தது, பேச்சு வராத பிள்ளைகளையும் சேர்த்து. பூனையின் தலையில் இருப்புச்சட்டி விழுவது ஏன் வேடிக்கை என்பதற்குப் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒழுங்கு மீறப்பட வேண்டும், அதே நேரத்தில் அது ஆபத்தில்லாததாகவும் தெரிய வேண்டும். சட்டியின் வடிவத்துக்கு நசுங்கிய முகம் அடுத்த நொடியில் பழையபடி ஆகிவிடுகிறது, பிள்ளை சிரிக்கிறது. அதைப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொள்ளுமா என்ற அச்சமும் பொய்யல்ல. ஆல்பர்ட் பாண்டுரா 1963-இல் 96 பிள்ளைகளைக் கொண்டு செய்த சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதை நேரில் பார்த்தவர்களும், திரைப்படமாகப் பார்த்தவர்களும், பூனை வேடத்தில் கார்ட்டூன்போலப் பார்த்தவர்களும், எதையும் பார்க்காதவர்களைவிட அதிகமாகப் பொம்மையை அடித்தார்கள். இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தீவு இருக்கிறது. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலெனாவுக்கு 1995-இல்தான் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர் டோனி சார்ல்டன், அதற்கு முன்னும் பின்னும் பள்ளி விளையாட்டு மைதானத்தைப் படம்பிடித்து ஒப்பிட்டார். பிள்ளைகளின் முரட்டுத்தனம் கூடவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் ஊரே அறிந்து கண்காணிக்கும் நெருக்கம்தான் காரணம் என்று அவர் கருதினார். திரையில் ஓடியது மற்ற ஊர்களில் ஓடிய அதே வகை நிகழ்ச்சிகள்தான். சுற்றி இருந்தவர்கள் வேறு.

இனி எழுதப்போவது எனக்கு எளிதான பகுதி இல்லை. நாம் பார்த்து வளர்ந்த நகைச்சுவையில் ஒருவரின் கறுத்த நிறமும் வழுக்கைத் தலையும் பருத்த உடலும் திக்கும் பேச்சும், பெண்மை கலந்த ஆணின் நடையும், பெண் என்பதும்கூடச் சிரிப்புக்குப் பொருளாயின. ஒரு முறை அல்ல, நூறு முறை, சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் சேர்ந்து. நான்காம் வகுப்பில் எங்களோடு படித்த ஒருவனை, நிறத்தை வைத்து, டிவியில் கேட்ட ஒரு பெயரால் கூப்பிட்டோம். நான்தான் அதைத் தொடங்கிவைத்தேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு இடைவேளையில் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் சிரித்ததால் அவனுக்கும் அது வேடிக்கையாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு அது கெட்டது என்றே தெரியாது, ஏனென்றால் அந்தக் காட்சி வந்தபோது வீட்டில் யாரும் முகம் சுளித்ததில்லை.

தாமஸ் ஃபோர்டும் மார்க் ஃபெர்குசனும் 2004-இல் முன்வைத்த கருத்து இதைத்தான் விளக்குகிறது. ஒரு கூட்டத்தை இழிவுபடுத்தும் ஜோக், கேட்பவர் மனதில் புதிதாக வெறுப்பை விதைப்பதில்லை. ஏற்கெனவே ஓரத்தில் இருக்கும் வெறுப்புக்கு, இங்கே இதைச் சொல்லலாம் என்று இடம் கொடுக்கிறது. வேடிக்கை என்ற பெயர் இருப்பதால் எதிர்த்துப் பேசுபவர்தான் சிரிக்கத் தெரியாதவர் ஆகிறார். கனடாவின் ராட் மார்ட்டின் 2003-இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தார். பிறரோடு சேர்ந்து சிரிப்பது, துன்பத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சிரிப்பது, பிறரைக் குத்திச் சிரிப்பது, பிறர் சிரிக்கத் தன்னையே தாழ்த்திக்கொள்வது. வட அமெரிக்க இரட்டையரிடம் நடந்த ஓர் ஆய்வில், முதல் இரண்டு பாணிகளில் மரபணுவின் பங்கு தெரிந்தது. குத்திச் சிரிப்பதிலும் தன்னைத் தாழ்த்திக்கொள்வதிலும் வளர்ந்த சூழலின் பங்கே மேலோங்கியிருந்தது. குத்தலும் கூனலும் வீட்டில் கற்பவை என்பதற்கு இது ஒரு சான்று. அந்தப் பையன் முதலில் சிரித்த சிரிப்பு நான்காவது வகை என்பது எனக்கு மிகப் பிற்பாடுதான் புரிந்தது.

இதற்காகப் பழைய நகைச்சுவையையெல்லாம் மூட்டைகட்டிப் போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாழைப்பழக் காட்சியில் தர்க்கம் இருக்கிறது. 2006-இல் வந்த 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' ஒரு கோமாளி அரசனை வைத்து அதிகாரத்தைச் சிரிக்கவைத்தது. வடிவேலு பெரும்பாலான இடங்களில் சிரிக்கவைத்தது தன் வீறாப்பு உடைபடுவதைக் காட்டித்தான். பெரிய மனிதர்களின் வீறாப்பையும் அப்படிப் பார்க்க அது நமக்குக் கற்றுத் தந்தது. எவை வளர்த்தன, எவை காயப்படுத்தின என்று பிரித்துப் பார்க்கும் வேலை பெரியவர்களுடையது. பிள்ளையால் அதைத் தனியே செய்ய முடியாது.

1969-இல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியபோது, அதை உருவாக்கியவர்கள் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிக்குள் பெரியவர்களுக்கு மட்டுமே விளங்கும் கேலிகளையும் திட்டமிட்டுச் சேர்த்தார்கள். பெற்றோரும் பக்கத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் வீடுகளில் யாரும் திட்டமிடாமலேயே அது நடந்துகொண்டிருந்தது. ஒரே பெட்டி, ஒரே ரிமோட், வேறு வழியில்லை. இப்போது பிள்ளையின் கையில் தனிப் போன், காதில் தனி இயர்போன். பதினைந்து நொடியில் ஒரு சிரிப்பு, விரலால் தள்ளினால் அடுத்த சிரிப்பு. பிள்ளை எதற்குச் சிரித்தது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சிரித்தாரா முகம் சுளித்தாரா என்று பிள்ளைக்கும் தெரியாது. பட்டாசாலை இருந்த இடம் காலியாக இருக்கிறது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்குப் பத்து நிமிடம், அந்த இயர்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளை பார்ப்பதை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உபதேசம் வேண்டாம். வேடிக்கையாக இருந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். ஒருவருடைய நிறத்தையோ உடம்பையோ காட்டிச் சிரிக்கவைக்கும் இடம் வந்தால் சிரிக்காமல் இருங்கள். பிள்ளை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். பிறகு, ஆச்சி என்னிடம் கேட்டதையே நீங்களும் கேளுங்கள்: இதில் உனக்கு என்ன விளங்கியது, எதற்குச் சிரித்தாய்? பதில் சொல்லத் தெரியாமல் அது விழித்தால் விட்டுவிடுங்கள். மறுநாளும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.